முனியாண்டி வீட்டுக் கதவைப் பற்றிச் சேகருக்கு

சேகர்,

இது இப்படித்தான் முடியும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். நீ ஆறாம் படிவம் படித்த காலத்தில், கணக்கு வாத்தியார் வீட்டில் கம்ப்யூட்டர் என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, சோற்றில் கைவைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கே உன் அத்தையிடம் சொன்னேன். "இவன் அந்தப் பெட்டியால பெரிய ஆளா வருவான், அதே பெட்டியால ஒரு நல்ல மனுஷனை நோகடிக்கவும் செய்வான்" என்று. அத்தைக்கு ஞாபகம் இல்லையாம். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பார்கள் என்று சொன்னேன், விற்றார்கள். ஈய விலை விழும் என்று சொன்னேன், விழுந்தது, ஈப்போவில் எத்தனை கடைக்குப் பலகை வைத்து அடித்தான் என்று நீயே பார்த்தாய். நான் படித்தது ஆறாவது வரைதான். அதிலும் ஐந்தாவதை இரண்டு தடவை படித்தேன், ஆக மொத்தம் ஏழு வருஷப் படிப்பு. உன் கோலாலம்பூர்க் கூட்டாளிகளில் ஒரே வகுப்பை இரண்டு தடவை கரைத்துக் குடித்தவன் யாராவது உண்டா, கேட்டுப் பார்.

ஊருக்கு நீ என் அக்கா மகன். எனக்கு நீ மகன். நீ மாமா என்று கூப்பிட்டாலும் அப்பன் எழுதுகிற மாதிரிதான் இதை எழுதுகிறேன். போன மாதம் மாடிப்படி ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பைக் குறைத்தாயிற்று, அப்படியே மனசில் கிடக்கிறதையும் கொஞ்சம் குறைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் நீ வந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்து, தைப்பிங்கில் இருக்கிற ஒரு சாருக்கு எழுதின கடிதத்தின் நகலை எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். யாழ்ப்பாணத்துக்காரர், கவர்மெண்ட் ஆபீசில் இருந்து பென்ஷனில் வந்தவர், கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வருவதற்கு ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார், காலி டிஸ்கெட் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் சும்மா போட்டுக் கொடுக்கிறார் என்று நீதான் சொன்னாய். உள்ளே இருக்கிற வரிகளை அவர் பூட்டி வைக்கவில்லை, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தினதை அனுப்பினால் அடுத்த பிரதியில் சேர்த்துக்கொள்வார் என்றும் நீதான் சொன்னாய். அப்படிப்பட்டவருக்கு நீ எழுதினது இது: உங்கள் புரோகிராம் வேலை செய்யவில்லை, எல்லாம் அழிந்துபோகிறது, கம்ப்யூட்டரும் தெரியாத தமிழும் தெரியாத ஒருவர் செய்தது போல இருக்கிறது. உன் கூட்டாளிகள் கைதட்டினார்களாம். நகல் எடுத்து வேறு நாலு பேருக்குக் கொடுத்தார்களாம். அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "தம்பி, இந்த மாதத்தோடு டிஸ்கெட் போடுவதை நிறுத்திக்கொள்கிறேன்." அதையும் நீ சிரித்துக்கொண்டுதான் வாசித்தாய். "பார்த்தீங்களா மாமா, ஒரு வார்த்தை சொன்னா தாங்க மாட்டேங்குறாரு லா" என்றாய்.

நான் உன்னை ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கா?

"எது அழிஞ்சுச்சு?"

"எல்லாம் மாமா."

"எல்லாம்னா? முதல் வரியிலேர்ந்தா?"

"இல்ல, ரெண்டாம் பக்கம் அடிக்கும்போது முதல் பக்கத்துல கடைசியில கொஞ்சம் காணோம்."

"ஒவ்வொரு தடவையும் அப்படியா?"

"ஒரு தடவைதான் அடிச்சேன். கடுப்புல அணைச்சுட்டேன்."

அதற்குமேல் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், அன்றைக்கும் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. உன் தலைக்கு மேலே சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நீ அந்த மனுஷனைப் பற்றிச் சிரித்தாய்.

அந்தப் பெட்டி உனக்குப் பழகினதுதான். பிஸ்கட் டின்னுக்குள்ளே வைத்த ஸ்பீக்கர், முகத்தில் ஆணியால் குத்தின ஓட்டைகள், பின்னால் ஒரு சாண் கம்பி தொங்கும், எதோடும் சேராது. வீடு மாறினபோதெல்லாம் சாமி படத்துக்கு அடுத்து அதைத்தான் மாட்டினேன். அதற்குக் கீழே யாரும் யாரைப் பற்றியும் பேசக்கூடாது என்று நான் போட்ட சட்டத்தைப் பார்த்து நீயும் அத்தையும் சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டபோது, ஜப்பான்காரன் விட்டுப்போனது, மியூசியத்தில் கெஞ்சிக் கேட்டும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அது சும்மா. அந்த டின்னை வெட்டினது நான். பெட்டி உன் அம்மாவுடையது.

நாம் பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம். உன் அப்பா காய்ச்சலில் போன பிறகு அக்கா பால் கொட்டகை வேலைக்குப் போனாள். அங்கே பாலை உறையவைக்கிற ஆசிட் கை தவறித் தெறித்து அவளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. உனக்கு அப்போதுதான் ஓடத் தெரிந்திருந்தது. நம்ம லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது, நடு வீடு என்னுடையது. விடியக்காலை நான் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவேன், உன்னைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிடுவோம். அப்புறம் பொழுது சாயும்வரை அந்த வீட்டில் அவளும் இருட்டும்தான். அந்த இருட்டுக்குள்ளே ஒரு குரல் வந்தது என்றால் அது லூர்து இழுத்த கம்பியால் வந்தது.

லூர்து பால் லோரி ஓட்டினவன். நானும் அவனும் மச்சான் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பெரிய மேதை ஒன்றும் இல்லை. அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, பாதி புரிந்தும் பாதி குத்துமதிப்பாகவும் ஒரு பழைய ரேடியோவையும் ஆம்ப்ளிபயரையும் சேர்த்தான். லோரி பேட்டரியில் ஓடும். அவன் வீட்டிலிருந்து கூரை ஓரமாகவே கம்பியை இழுத்து வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி மாட்டினோம். கம்பி ஈப்போ பழைய சாமான் கடையில் வாங்கினது. கூரை மேலே ஏறி ஆணி அடித்தது முனியாண்டி, அக்கா வீட்டுக்கு முந்தின வீட்டுக்காரன். டின் வெட்டினது நான், அந்தக் காலத்தில் என்னை மாதிரி டின் வெட்ட பேராக்கிலேயே ஆள் கிடையாது, தைப்பிங்கிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்குப் பெட்டி வேண்டுமோ அவரவரே வாங்கி வந்து அவரவரே கம்பியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். லூர்து தடுக்க மாட்டான். "இது என் கம்பி இல்ல, எல்லார் வீட்டுக் கம்பி" என்பான். சாயங்காலச் செய்திக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு "வணக்கம், பேசுவது லூர்து" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வான். அவன் எடுத்துக்கொண்ட கூலி அது ஒன்றுதான்.

பாட்டு நன்றாக வந்தால் அது எல்லார் வீட்டுக் கம்பி. நின்றுபோனால் லூர்து கம்பி. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"டேய் லூர்து, உன் பெட்டி செத்துப்போச்சுடா."

"எப்போண்ணே நின்னுச்சு?"

"எப்போவா? நேத்து உனக்குச் சோறு இறங்கிச்சில்ல, அப்போ."

"எந்தப் பாட்டு போய்க்கிட்டு இருந்துச்சுண்ணே? கரகரன்னு வந்துச்சா, டக்குன்னு நின்னுச்சா?"

"பாட்டைக் கேட்கவா உட்கார்ந்திருக்கேன், உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவன் சிரித்துவிட்டு லோரியில் ஏறிவிடுவான். வேலை முடிந்து வந்து, சொல்லத் தெரியாதவன் சொன்னதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூரையாக ஏறி இறங்குவான்.

ஒருநாள் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் வாசல்படியில் எனக்காகவே உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, லூர்துகிட்ட ஒண்ணு சொல்லணும். என் பெட்டி அடிக்கடி நின்னுபோகுது."

"மழையில நிக்கும்கா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"மழை இல்லடா. நானும் அப்படித்தான் நினைச்சேன். முனியாண்டி வீட்டுக் கதவைச் சாத்தினா நிக்குது, திறந்தா பேசுது. மழை வந்தா அவன் கதவைச் சாத்துறான், அதனால மழைன்னு தோணுது. நேத்து நல்ல வெயில்ல சாத்தினான், அப்பவும் நின்னுச்சு. ஏன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதை மட்டும் போய்ச் சொல்லு."

"சரிக்கா."

"கூட ஒண்ணும் சேர்க்காதே."

"நான் எதுக்குக்கா சேர்க்கப் போறேன்?"

"உன்னைத் தெரியாதாடா எனக்கு."

அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு நான் லயத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தேன். பால் வாளியை நிறுவைக்குக் கொண்டுபோகிற வழியில் அல்லூர் வாய்க்கால் ஓரத்தில் இறக்கி, பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தால் இரண்டு மங்கு தண்ணீர் சேர்க்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அப்படி நானும் நடக்க நடக்கச் சேர்த்தேன். கதவைச் சாத்தினால் பெட்டி நிற்கிறது என்று போய்ச் சொன்னால் எவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான்? ரொம்பச் சின்னச் செய்தி அது. சொல்கிறவனுக்கு அதில் ஒரு மரியாதையும் இல்லை. லூர்து வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் வேறு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்களைப் பார்த்ததும் என் வாய் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும்.

"என்ன மச்சான்?" என்றான்.

"என்ன மச்சானா? அக்கா பெட்டியில மழை வந்தா பொறி பறக்குது. புகை கக்குது. நேத்து கையை வச்சவளை அப்படியே தூக்கி எறிஞ்சிருக்கு. கண்ணுதான் போச்சு, உசிரையும் வாங்கிடாதே. தெரியாத வேலையை ஏன் மச்சான் செய்யிறே?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "கையை எங்கே வச்சாங்க? கம்பியிலயா, டின்லயா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நடக்காத விஷயத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால் கோபப்பட்டேன். பதில் இல்லாதவனுக்குக் கோபம்தான் சுலபமாக வரும், இதை நீ எழுதி வைத்துக்கொள். "அது எனக்கென்ன தெரியும், நீதானே இந்த லயத்துக்கு இஞ்சினியர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சேகர், அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. நீ எழுதினதற்கு உன் கூட்டாளிகள் கைதட்டினபோது உனக்கு இனித்ததே, அதே இனிப்பு. அதை நான் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது.

லூர்து அந்த நிமிஷமே எல்லாவற்றையும் நிறுத்தினான். கண் தெரியாத பொம்பிளையைக் கொன்றிருப்பேனே என்ற பயத்தில் அக்கா வீட்டுப் பக்கம் போய் விசாரிக்கவும் அவனுக்கு முகம் இல்லை. ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் பாய் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, இல்லாத நெருப்பைத் தேடினான். முனியாண்டி வீட்டுக் கதவை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் ஏன் பார்க்கப் போகிறான், யார் சொன்னார்கள் அவனுக்கு? பாட்டில்லாத நாளெல்லாம் லயமே அவனைத் திட்டியது, முதல் ஆளாக நான் திட்டினேன்.

பிறகு ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான், நாளைக்கு மத்தியானம் கம்பியைத் திருப்பிப் போட்டுக் கேட்கப் போறேன். அப்படிப் போட்டா வீட்டுப் பெட்டியெல்லாம் காது மாதிரி ஆயிடும். எங்கேயாவது பொறி தட்டினா இங்கே எனக்குக் கேட்கும். எல்லார்கிட்டயும் சொல்லிடு, பெட்டிகிட்ட கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லு" என்றான். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. பேசுகிற வாய் எங்கேயாவது கேட்குமா? ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னது, மறுநாள் மத்தியானம் என் வீட்டில், பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வேடிக்கையாகச் சொன்னது. முனியாண்டி இருந்தான், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் லூர்து மாதிரியே தொண்டையைச் செருமினேன். "வணக்கம், பேசுவது லூர்து" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பொண்டாட்டி இருந்தா வீட்டுக்குள்ளயே பேசிக்கலாம். அவதான் பாரிட் புந்தாருக்கு அம்மா வீட்டுக்குப் போனவ திரும்பி வரலியே. அதான் ஊருக்கே கம்பி இழுத்துப் பேசிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்கின பிறகு பெட்டி செருமியது. நான் செருமினது இல்லை, அசல். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அவன் குரல், எப்போதும் செய்திக்கு முன்னால் வருகிற அதே குரல். "எல்லாம் கேட்டுச்சு மச்சான்." அவ்வளவுதான். பெட்டி அடங்கிவிட்டது. முனியாண்டி எழுந்து போய்விட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் மட்டும் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறானா இல்லையா என்று தெரியாமல். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியவில்லை. அதனால்தான் அந்தச் சட்டம்.

அவன் கம்பியைக்கூட அறுக்கவில்லை. ரேடியோவையும் ஆம்ப்ளிபயரையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, வாரக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். கம்பி கூரை ஓரமாக அப்படியே கிடந்தது. பெட்டிகள் அப்படியே சுவரில் இருந்தன. கொஞ்ச நாள் கழித்து அதில் குருவி கூடு கட்டினது, பிள்ளைகள் சில்லறை போட்டு வைத்தது, இப்படி ஒவ்வொன்றாகப் போயின. அக்கா மட்டும் தன் பெட்டியைத் தினமும் துணியால் துடைத்தாள். அன்றைக்கு அவன் பேசினது அவள் பெட்டியிலும் வந்திருந்தது. "லூர்து என்னடா கேட்டுச்சுன்னு சொன்னான்?" என்று கேட்டாள். நான் வாய் கூசாமல் சொன்னேன். "கதவு விஷயம்தான்கா. நீ சொன்னது அவனுக்குக் கேட்டுச்சாம். சாமான் வாங்க ஈப்போ போயிருக்கான், வந்து சரி பண்ணிடுவான்."

அதற்குப் பிறகு அவள் எனக்குச் சொன்னதெல்லாம்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. தினமும் வேலை முடிந்து போவேன், தினமும் சொல்வாள். "தம்பி, இன்னிக்குக் கதவு முழுக்கத் திறந்தே இருந்துச்சு, பெட்டியில ஒண்ணும் இல்ல. லூர்துகிட்ட சொல்லிடு." "இன்னிக்கு முனியாண்டி கதவை ரெண்டு தடவை அடிச்சுச் சாத்தினான், ஒரு மாற்றமும் இல்ல. சொல்லிடு." யாரையும் திட்டமாட்டாள். நடந்ததை நடந்தபடி சொல்வாள், நான் சரிக்கா என்பேன், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாத லயத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்புவேன். இடி மின்னல் வரும்போது அந்த நீளக் கம்பி எங்கேயோ எதையோ வாங்கிக்கொண்டு பெட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவள் உடனே நிமிர்வாள். "வந்துட்டான்" என்பாள். தொண்டையைச் செருமப் போகிறான் என்று முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருப்பாள். நீ அவள் மடியில் உட்கார்ந்து நீயும் அந்தப் பக்கம் பார்ப்பாய். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

மறு வருஷ மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வீடு திரும்பவில்லை. கிளம்பும்போது சொன்னது, "பெட்டியைக் கழட்டாதே." தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோதுதான் கழட்டினேன். சாமான் கட்டக் கயிறு பற்றவில்லை என்று கூரையிலிருந்து அந்தக் கம்பியையும் உருவினேன். முனியாண்டி வீட்டு நிலைக்கு மேலே வந்ததும் கையில் இடறியது. வெளித்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு முறிந்து பச்சை பூத்திருந்தது. கதவைச் சாத்தினால் நிலை அசைந்து கம்பியை இழுக்கும், முறிந்த இடம் விலகும். திறந்தால் ஒட்டும். அவ்வளவுதான். எந்த மழையும் இல்லை, எந்த நெருப்பும் இல்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தால் ஒரு கோப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்தக் கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு நான் பாரிட் புந்தாருக்குப் போனேன். லூர்து அங்கே பெண்டாட்டியோடு சேர்ந்துவிட்டான், நெல் ஆலையில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆலை வாசலில் உமித் தூசி தலை முழுக்க அப்பிக்கொண்டு வந்தான், என்னைப் பார்த்ததும் நின்றான், அப்புறம் "என்ன மச்சான், இளைச்சுட்டே" என்றான். கடைக்குக் கூட்டிப்போய் கோப்பி வாங்கிக் கொடுத்தான். நான் கம்பியை மேசையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை மச்சான்" என்றான். அக்காவைப் பற்றிக் கேட்டான், அவள் போனதைச் சொன்னேன். பஸ் ஏறும்போது என் தோளில் கைவைத்து, "போனது போவட்டும் லா" என்றான்.

இதையெல்லாம் இத்தனை நாள் சொல்லாதவன் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். அந்தச் சார் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார். உன்னால் ஒருத்தர் நிறுத்துகிறார் என்பது மட்டும் இல்லை, அவர் டிஸ்கெட்டை நம்பி எந்த லயத்துக் கடைசி வீட்டில் எவன் தமிழில் நாலு வரி அடித்துக்கொண்டிருக்கிறானோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் முதலில் உன் கம்ப்யூட்டர் பெட்டியை மறுபடி திறந்து உட்கார். என்ன அடித்தாய், எத்தனாவது வரியில் எது காணாமல் போனது, மறுபடி அடித்தால் மறுபடி போகிறதா, சின்ன வரியாக அடித்தால் போகிறதா, உன் கம்ப்யூட்டர் எந்த ஜாதி, அவர் கொடுத்த எந்தப் பிரதி, எல்லாவற்றையும் பார். பார்த்ததை மட்டும் எழுது. காரணம் உனக்குத் தோன்றினால், இது என் ஊகம் என்று தனியாகச் சொல். எல்லாம் அழிந்தது என்று எழுதாதே. முதல் பக்கத்துக் கடைசியில் கொஞ்சம் அழிந்தது என்றால் அது எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் அப்படியே எழுது, அந்தச் சின்ன விஷயத்தில்தான் அவர் கைவைக்க முடியும். நீ சேர்க்கிற புகையை அவர் எங்கே போய்த் தேடுவார், பாவம். நன்றாக இருக்கிறது எது என்றும் ஒரு வரி எழுது, பொய் இல்லாமல். உன்னால் சரிசெய்ய முடிந்தால் செய்து அனுப்பு, அவர் வேறு மாதிரி செய்ய நினைத்தால் விட்டுக்கொடு. அவர் உனக்கு வேலையாள் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் காற்றாட உட்காருகிற நேரத்தை எடுத்து நம்ம வீட்டுக்கு இழுத்த கம்பி அது.

கூட்டாளிகள் நடுவில் உட்கார்ந்து எழுதாதே. கைதட்ட ஆள் இருந்தால் கை தானாகச் சேர்க்கும். நீ எழுதுவது ஒரு பெட்டிக்கு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறாய். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் கம்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தன்னிடம் என்ன தப்பு என்று கண்டுபிடிக்க, காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் வயதுக்கு நான் கண்டது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னது.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். அத்தை சோற்றுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. கூட ஒண்ணும் சேர்க்காதே என்று எழுதின கையாலேயே சேர்த்துவிட்டு எழுந்து போக முடியவில்லை.

நான் பாரிட் புந்தாரைப் பார்த்ததே இல்லை, சேகர். கம்பித் துண்டோடு கிளம்பினது நிஜம். தைப்பிங்கில் பஸ் மாற வேண்டும். இறங்கினேன், நல்ல மழை. ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தேன், எதிர்ப்பக்கம் பாரிட் புந்தார் பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், போயிற்று. அடுத்ததும் வந்து போயிற்று. அவன் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வான் என்று தெரியாமல், மழை விட்டதும் போகலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஈப்போ பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவன் கோப்பி வாங்கித் தரவில்லை, தோளில் கைவைக்கவில்லை. அவன் கடைசியாக என்னிடம் சொன்னது அந்தப் பெட்டியில் சொன்னதுதான். இரண்டு வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள், லூர்து செத்துப்போய்விட்டான் என்று.

கடிதம் எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றுகிறது, நேரில் போ. அந்தச் சார் வீடு தைப்பிங்கில்தானே இருக்கிறது. அதுவரைக்கும் நானும் போயிருக்கிறேன், வழியில் ஒன்றும் கஷ்டம் இல்லை. நீ இறங்கும்போது மழை பெய்யும். திரும்பிவிடாதே.

மாமா